ஆல்பம் பாட்டு என்ற பெயர் வந்த வழி

ஒரு பெரிய நடிகரின் படத்திலிருந்து முதல் பாட்டு வெளிவந்தால் அதை ‘ஃபர்ஸ்ட் சிங்கிள்’ என்கிறோம். பின்னால் இன்னும் நாலைந்து பாட்டு வரும் என்று தெரிந்தேதான் சொல்கிறோம். மலேசியாவின் ஈப்போவில் ஒரு பையன் தன் அறையில் உட்கார்ந்து, ஒரே ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டு, தானே பாடி யூடியூபில் ஏற்றினால் அதற்குப் பெயர் ‘ஆல்பம் பாட்டு’. முன்னும் பின்னும் துணையில்லாத பாட்டுக்குத் தொகுப்பின் பெயர். தொகுப்பிலிருந்து பிரித்தெடுத்த பாட்டுக்குத் தனியின் பெயர். சிங்கிள் என்ற சொல்லை உலகமும் அப்படித்தான் புழங்குகிறது. ஆல்பம் என்ற சொல்லைத்தான் உலக வழக்குக்கு நேர் எதிராக நாம் புழங்குகிறோம். தப்பு என்று திருத்த வருபவர்கள் உண்டு. எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஒரு சொல் இப்படித் தலைகீழாகப் புரண்டு கிடந்தால், புரட்டிய கை ஒன்று இருக்கும். அந்தக் கை எது என்று பார்க்கவே இதை எழுதுகிறேன்.

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பழைய சாலையில், கேமரன் மலைக்குப் பாதை பிரிகிற இடம் சிம்பாங் பூலாய், என் ஊர். இந்தப் பக்கம் காரில் போகும்போது அக்கா மகன் புதுசு புதுசாகப் பாட்டுப் போடுவான். நன்றாக இருந்தால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “என்ன படம்?”

“படம் இல்ல மாமா, ஆல்பம் பாட்டு. லோக்கல். கேட்டுப் பாருங்க லா.”

இந்த ‘லோக்கல்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒருவரை லோக்கல் என்றால் தரக்குறைவாகப் பேசுவதாக எடுத்துக்கொள்வார்கள். மலேசியாவில் அது ‘நம்ம நாட்டுப் பிள்ளைகள் செய்தது’ என்று பொருள்படும். வானொலியில் ‘உள்ளூர்க் கலைஞர்’ என்று சொல்வதன் பேச்சு வடிவம். அவன் அதைச் சொல்லும்போது குரலில் பெருமை இருக்கும்.

இனி ஆல்பம். லத்தீனில் ‘ஆல்பஸ்’ என்றால் வெள்ளை. பரிசோதனைக்கூடத் தாளில் ‘ஆல்புமின்’ என்று பார்த்திருப்பீர்கள். முட்டையின் வெண்கருவுக்கு வைத்த பெயரிலிருந்து வந்த சொல் அது. ரோமானியர் ஒரு பலகையைச் சுண்ணம் பூசி வெளுத்து, நாலு பேர் பார்க்கிற இடத்தில் வைத்து, அரசு ஆணைகளையும் அந்த ஆண்டின் முக்கிய நிகழ்ச்சிகளையும் அதில் எழுதினார்கள். அந்த வெள்ளைப் பலகைதான் ஆல்பம். பிறகு அந்தப் பெயர் பலகையை விட்டு நழுவி, அதில் எழுதிய பேர்ப்பட்டியலுக்குப் போனது. செனட் உறுப்பினர் பட்டியல் ஓர் ஆல்பம். தென் இத்தாலியில் கனூசியம் என்ற ஊரின் மன்றத்தார் பெயர்களைப் பொறித்த கி.பி. 223ஆம் ஆண்டு வெண்கலத் தகடு ஒன்று கிடைத்திருக்கிறது. வெண்கலத்தில் வெள்ளை ஏது? ஆனாலும் அதை ஆல்பம் என்றே குறிக்கிறார்கள்.

சிம்பாங் பூலாய்க்காரனுக்கு இந்த இடத்தில் வண்டியை நிறுத்தத் தோன்றும். ‘சிம்பாங்’ மலாய்ச் சொல், சாலை பிரியுமிடம். தோட்டத் தமிழர் அதைத் தமிழாகவே ஆக்கிக்கொண்டோம். “சிம்பாங்ல எறக்கி விடு” என்று சொல்பவர் யாரும் மலாய் பேசுவதாக நினைப்பதில்லை. பூலாய் ஒரு மரம். அந்த இனத்தில் நாம் நன்கறிந்தது ஏழிலைப்பாலை, ஒரு கணுவில் ஏழிலை வட்டமாக நிற்பதால் வந்த பெயர். அறிவியலில் அதன் பெயர் ஆல்ஸ்டோனியா ஸ்காலரிஸ். ‘ஸ்காலரிஸ்’ என்றால் பள்ளிக்குரியது. இதன் கட்டை லேசானது, வெளிறியது. பிள்ளைகள் எழுதிப் பழகும் பலகையை இதில் செய்தார்கள், அதனால் அந்தப் பெயர். பாலித் தீவில் முகமூடி செதுக்குகிறவர்களும் இந்த மரத்தைத்தான் தேடுகிறார்கள். ரோமில் வெளுத்துத் தயாரித்த எழுதுபலகை, இங்கே பிறவியிலேயே வெளுத்த எழுதுபலகை. ஒரு சொல்லைத் துரத்திப் போகிறவனுக்கு வழியில் கிடைக்கிற சந்தோஷம் இது. இதற்கு மேல் ஒன்றையும் இதிலிருந்து நான் கட்டப் போவதில்லை. பூலாய், பாலை என்ற ஒலி நெருக்கத்தைப் பார்த்து உறவு கொண்டாடவும் கூடாது. பூலாயின் சுற்றம் ஜாவாக்காரர் சொல்லும் ‘பூலே’. பாலையின் சுற்றம் நம் ‘பால்’. கீறினால் பால் வடியும் மரங்களுக்குத் தமிழில் அந்தப் பெயர். பக்கத்து ஈப்போவும் பால் வடியும் ஒரு மரத்தின் பெயர்தான். அந்தப் பால் நஞ்சு. பூர்வகுடியினர் ஊதுகுழல் அம்பில் தடவியது. 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு மூன்றாவது பால்மரமான ரப்பர் எங்கள் பேராக் மாநிலத்துக்கு வந்தது. அந்தப் பாலை வெட்டத்தான் நம் ஆட்கள் கப்பலேறினார்கள்.

ஆல்பத்துக்குத் திரும்புவோம். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் மாணவர்கள் ‘ஆல்பம்’ என்ற பெயரில் வெற்றுத்தாள் ஏடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஆசிரியரிடமும் நண்பரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். லூத்தரும் மெலாங்க்தனும் அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள். வெள்ளைப் பலகை வெள்ளைத் தாளானது. 19ஆம் நூற்றாண்டில் புகைப்படம் வந்ததும் அதே ஏட்டில் படம் ஒட்டினார்கள். இந்த உருவில்தான் நம் வீடுகளுக்குள் அது நுழைந்தது. வரவேற்பறை அலமாரியில் கல்யாண ஆல்பம் இல்லாத தமிழ் வீட்டை நான் பார்த்ததில்லை.

அந்தப் புகைப்பட ஏடு இசைக்குள் வந்ததற்குக் காரணம் அரக்கு. பழைய இசைத்தட்டு அரக்கில் செய்தது. இந்தியக் காடுகளில் மரக்கிளையில் பூச்சி சுரக்கும் அதே அரக்கு. கைதவறினால் உடையும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். இன்றும் ஒரு பாட்டு மூன்று, நான்கு நிமிடத்தில் முடிவதற்கு அந்த அரக்குத் தட்டுக்கும் பங்கு உண்டு. பெரிய இசைக்கோவை ஒன்றைக் கேட்க வேண்டுமானால் பல தட்டு வேண்டும். உடையாமல் வைக்கவும் வேண்டும். அதனால் புகைப்பட ஏடு போலவே அட்டை கட்டி, உள்ளே ஒவ்வொரு தாளையும் உறையாக மடித்து, தட்டுகளைச் செருகினார்கள். 1909இல் ஓடியன் நிறுவனம் சைகோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ இசையை நான்கு தட்டாக ஒரே கட்டில் விற்றது. 1948இல் கொலம்பியா நிறுவனத்தின் நீண்ட நேரத் தட்டு வந்தபோது, நான்கைந்து தட்டில் இருந்ததெல்லாம் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. ஏடு போய்விட்டது, ஏட்டின் பெயர் தட்டில் ஒட்டிக்கொண்டது. 1968இல் பீட்டில்ஸ் குழு தூய வெள்ளை உறையில் ஒரு தொகுப்பை வெளியிட, உலகம் அதை ‘வெள்ளை ஆல்பம்’ என்றது. லத்தீன் தெரிந்தவர் காதில் அது ‘வெள்ளை வெள்ளை’ என்று விழுந்திருக்கும்.

தமிழில் இதே காலத்தில் பாட்டுக்கு என்ன பெயர் வைத்துக்கொண்டிருந்தோம்? பழைய வழக்கில் பாட்டுக்குப் பெயர் அது செய்யும் வேலையால் வந்தது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு. தோட்டத்து லயங்களில் எங்கள் பாட்டிமார் பாடியதற்கும் இவைதான் பெயர். மலேசியாவில் முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் அந்தப் பாட்டுகளைத் தேடித் திரட்டியிராவிட்டால் பெயரும் சேர்ந்து போயிருக்கும்.

இசைத்தட்டு வந்தபோது பெயர் மாறியது. கல்கத்தாவில் 1908இல் தட்டு அழுத்தும் ஆலை தொடங்கிய பிறகு, நாடக மேடைக் குரல்கள் தட்டேறி ஊர் ஊராகப் போயின. எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இளம் வயதிலேயே மறைந்தார். சினிமாவில் அவர் பாடவே இல்லை. அவர் குரலைத் தட்டில் மட்டும் கேட்ட மனிதர்கள் அதைக் ‘கிட்டப்பா பாட்டு’ என்றார்கள். பாடியவர் பெயரே பாட்டின் பெயர்.

அது நீடிக்கவில்லை. 1931இல் ‘காளிதாஸ்’ வந்தது, தமிழ் பேசிய சினிமா பாடிக்கொண்டே பிறந்தது. சில பத்தாண்டுகளில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்றானது. டி.எம். சௌந்தரராஜன் பாடியதை ‘எம்.ஜி.ஆர் பாட்டு’ என்றும் ‘சிவாஜி பாட்டு’ என்றும் சொல்லப் பழகினோம். வாயசைத்தவர் பெயர் நின்றது. பாடியவரும் எழுதியவரும் மெட்டமைத்தவரும் இரண்டாம் வரிசைக்குப் போனார்கள். ‘என்ன படம்?’ என்ற கேள்வி அன்று பிறந்தது. பாட்டுக்கு முகவரி படம்தான் என்று எடுத்துக்கொள்ளும் கேள்வி அது.

எங்கள் மலேசியாவிலேயே மலாய்க்காரர்களுக்கு வேறு மாதிரி நடந்தது. 1950களின் மலாய்ப் படங்களும் பாட்டு நிறைந்தவை. அவற்றை இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். நடிகரும் பாடகருமான பி. ரம்லியை 1950இல் ‘பக்தி’ படத்தில் நாயகனாக்கியவர் தமிழரான எல். கிருஷ்ணன். ஆனால் அறுபதுகளில் கித்தார் குழுக்கள் கிளம்பின. ‘பாப் யே யே’ அலை அடித்தது. மலாய்ப் பாட்டு சினிமாவை விட்டு வெளியே நடந்து போனது. அதற்குப் பிறகு மலாயில் ‘படத்தில் வராத பாட்டு’ என்று ஒரு தனிப் பெயர் தேவைப்படவே இல்லை. பினாங்குத் தமிழ்ச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் ‘ஆலிகேட்ஸ்’ குழுவாக மலாயில் பாடியபோது அது வெறும் பாட்டு. தமிழில் பாடியிருந்தால் அதற்கு அடைமொழி தேவைப்பட்டிருக்கும்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கூடப் பாதை வேறு. தமிழ் சினிமாத் தொழில் அங்கே பெரிதாக வேர் பிடிக்காததால், நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடியதற்கு ‘பொப்பிசை’, ‘துள்ளிசை’ என்ற பெயர்கள் கிடைத்தன. தாளத்தையும் துள்ளலையும் சொல்லும் பெயர்கள் அவை. மனோகரனின் ‘சுராங்கனி’யைப் பிறகு 1977இல் தமிழ் சினிமாவும் எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டிலும் படத்தில் வராத பாட்டு எப்போதும் இருந்தது, கொட்டிக் கிடந்தது. நாகூர் ஹனீபாவின் இஸ்லாமியப் பாடல், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, புஷ்பவனம் குப்புசாமியின் கிராமியப் பாட்டு. இவை கேசட்டிலும் வந்தன, கேசட் உறையில் பத்துப் பாட்டு இருந்தது, உலக வழக்கின்படி ஒவ்வொன்றும் ஆல்பம். ஆனால் இவற்றை யாரும் ‘ஆல்பம் பாட்டு’ என்று சொன்னதில்லை. ‘பக்திப் பாட்டு’, ‘நாட்டுப்புறப் பாட்டு’ என்று அவற்றுக்கு இருக்க வீடு இருந்தது. காதலைப் பாடியது, கோபத்தைப் பாடியது, தெருவைப் பாடியது, இவற்றுக்குத்தான் வீடு இல்லை. அவை சினிமாவின் நிலத்தில் இருந்த பாடுபொருள்கள். சினிமாவுக்கு வெளியே ஒருவன் காதலைப் பாடினால் அதை எந்தப் பெயரில் கூப்பிடுவது? சரக்கை வைத்துக் கூப்பிட முடியாதபோது பெட்டியை வைத்துக் கூப்பிட்டார்கள். 1990களில் இந்திப் பக்கம் அலீஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’ போன்ற வெளியீடுகளை ஆல்பம் என்றே பேசினார்கள். நம்மவர் காதில் அந்தச் சொல் ‘படமில்லாத நவீனப் பாட்டு’ என்று பதிந்தது. கேசட் போய், சிடி போய், பெட்டி முழுக்க மறைந்த பிறகும் பெயர் மிஞ்சிவிட்டது. ஆக, சொல்லைப் புரட்டிய கை சினிமாவின் கை. தொகுப்பும் தனியும் நமக்கு முக்கியமாகப் படவில்லை. படத்தில் உண்டா, இல்லையா என்பது ஒன்றே முக்கியமாக இருந்தது.

மலேசியாவில் இந்தப் பெயருக்கு உயிர் கொடுத்தவர்கள் ராப் பாடிய பிள்ளைகள். ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் பாடிய யோகி பி, 2006இல் நட்சத்திரா குழுவோடு ‘வல்லவன்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து, அதன்மேல் மலேசியத் தமிழனின் பேச்சை ஏற்றிய பாட்டு அதில்தான் இருக்கிறது. கோலாலம்பூரில் தொடங்கிய அலை சென்னையில் போய் அடித்தது. அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் அவர் குரல் கேட்டது. பிறகு முகேன் ராவ். அவருடைய ‘சத்தியமா நான் சொல்லுறேண்டி’ பாட்டு 2019இல் அவர் பிக்பாஸ் வீட்டுக்குள் போன பிறகுதான் தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளும் போனது. ஒரு மலேசிய ஆல்பம் பாட்டு பரவுவதற்குக்கூட ஒரு திரை தேவைப்பட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

வேறு பெயர் வைக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. ‘இண்டி’ என்கிறார்கள். அது இங்கிலாந்தில் பெரிய நிறுவனங்களைச் சாராமல் தட்டு வெளியிட்டவர்களின் பெயர். பஸ்காக்ஸ் என்ற மான்செஸ்டர் குழு 1977இல் தானே பணம் திரட்டித் தன் முதல் தட்டை வெளியிட்டது அந்த வரலாற்றின் ஒரு தொடக்கம். ‘சுயாதீன இசை’ என்பது அதன் மொழிபெயர்ப்பு. பொருள் சரி, ஆனால் அக்கா மகன் வாயில் அது நுழையாது. எனக்குப் பிடித்தது ‘தனிப்பாடல்’. காப்பியத்திலும் புராணத்திலும் சேராமல், ஒரு நேரத்தில் ஒரு காரணத்துக்காகப் பாடிய பாட்டுக்குத் தமிழ் வைத்த பெயர் அது. காளமேகமும் இராமச்சந்திர கவிராயரும் பாடியவை அப்படித்தான் வாய்வழி வந்தன. இராமநாதபுரத்துப் பொன்னுசாமித் தேவர் ஆதரவில் 19ஆம் நூற்றாண்டில் ‘தனிப்பாடல் திரட்டு’ அச்சேறியது. அந்தத் திரட்டில் ஒரு பழக்கம் உண்டு. பாட்டு வரும் இடமெல்லாம் பாடியவர் பெயரும், பல இடங்களில் பாடிய சந்தர்ப்பமும் கூடவே வரும். பசியில் பாடியதா, வசையா, யார்மேல் பாடியது என்று தெரிந்துகொண்டுதான் அந்தப் பாட்டை ரசித்தார்கள். ‘என்ன படம்?’ என்பதற்குப் பதிலாக ‘யார், எப்போது, எதற்கு?’

புதிய பாட்டைச் சிபாரிசு செய்கிறவன் சொல்ல வேண்டியதும் இதுதான். ‘நல்ல ஆல்பம் பாட்டு ஒண்ணு இருக்கு’ என்று சொல்லி அனுப்பினால், அது படமில்லை என்பது மட்டும் போய்ச் சேரும். பாடியவரின் பெயரோடும் ஊரோடும் சொல்ல வேண்டும். நேயர் விருப்பத்தில் கேட்டவர் பெயரைக் குடும்பத்தோடு வாசித்த வானொலியில் வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பட்டியலில் பாடியவருக்கும் இடம் கொடுப்பது சிரமமான காரியம் இல்லை.

இந்தப் பெயர் எப்படிப் பதிவாகிறது என்பதை நேரில் பார்த்தால் தெரியும். ஒருவன் தன் பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்ப ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். பாட்டின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர். உறைப்படம் சதுரமாக, பக்கத்துக்கு 3000 புள்ளி வேண்டும். தட்டு உறை சதுரமாக இருந்ததன் மிச்சம் அது. நடுவில் ‘ஆல்பத்தின் பெயர்’ என்று ஒரு கட்டம் வரும். ஒரே பாட்டு வைத்திருப்பவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, பாட்டின் பெயரையே அங்கே மறுபடி தட்டுவான். ஸ்பாட்டிஃபையின் கணக்கில் மூன்று பாட்டு வரை சிங்கிள், நாலிலிருந்து ஆறு வரை இ.பி., ஏழானால் ஆல்பம். பாட்டு வெளிவந்ததும் அவன் நண்பர்களுக்கு அனுப்பும் செய்தியில் எழுதுவது என்னவோ, ‘புது ஆல்பம் சாங், சப்போர்ட் பண்ணுங்க’.

இனி நான் சிபாரிசு செய்யும் தொகுப்புகளின் பட்டியல். எதைத் தள்ளினாலும் ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஒஃப்ரோவும் 2019இல் செய்த ‘தெருக்குறள்’ தொகுப்பைத் தள்ள வேண்டாம். மேடைப் பேச்சின் வேகத்தைத் தாளத்தில் உட்கார வைத்த வேலை அது. கபேர் வாசுகியின் ‘அழகு புரட்சி’யை இரவில் கேளுங்கள். குரலில் மெருகு தேடாதீர்கள். பேசுகிற மாதிரி பாடுகிறவர், அந்தப் பேச்சில் நேர்மை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால் 2021இல் வெளியிட்ட ‘மேட் இன் ஜாஃப்னா’ ஆங்கிலத்தில் ஓடும், மிருதங்கத்தில் மூச்சு விடும். சுவிட்சர்லாந்துத் தமிழ்ப் பெண் பிரியா ரகுவின் ‘சந்தோசம்’ 2023இல் வந்தது. கார்ப் பயணத்துக்கு ஏற்றது, பாட்டியையும் பேத்தியையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்கலாம்.

மூன்று தொகுப்புகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், அவற்றின் பெயர்களுக்காக. லண்டனில் வளர்ந்த ஈழத்து மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுபவர், 2005இல் தன் முதல் தொகுப்புக்குத் தந்தை பெயரால் ‘அருளர்’ என்றும், 2007இல் இரண்டாவதற்குத் தாய் பெயரால் ‘கலா’ என்றும் பெயரிட்டார். உலகம் முழுக்கக் கடைகளில் அந்த இரண்டு தமிழ்ப் பெயரும் அடுக்கில் நின்றன. அறிவு 2024இல் கொண்டுவந்த தொகுப்பின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. வள்ளியம்மாள் அவருடைய பாட்டி, இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர்.

எங்கள் தோட்டங்களில் விடிவதற்கு முன்னால் ‘பெரட்டு’ என்ற ஆள் கணக்கெடுப்பு நடக்கும். கிராணியார் விளக்கு வெளிச்சத்தில் ‘செக்ரோல்’ என்ற பேரேட்டைப் பிரித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், ஆள் வந்ததா இல்லையா என்று கோடு போடுவார். வள்ளியம்மா, முனியம்மா, அஞ்சலை. பேர்ப்பட்டியல் என்ற பொருளில் ரோமானியர் ஆல்பம் என்ற சொல்லை வைத்திருந்தார்கள் என்று மேலே எழுதினேன். அந்தக் கணக்கில் செக்ரோலும் ஓர் ஆல்பம், கூலிக் கணக்குக்காக மட்டும் எழுதிய ஆல்பம். அதே மாதிரிப் பெயர் ஒன்று இப்போது பேரன் கையால் ஓர் இசைத் தொகுப்பின் முகப்புக்கு வந்திருக்கிறது. அக்கா மகனுக்கு அதை அனுப்பினேன். ஆல்பம் பாட்டு என்று எழுதவில்லை, ‘அரக்கோணத்து அறிவு, தன் பாட்டியைப் பற்றி’ என்று எழுதினேன். வேலை முடிந்து வரும்போது முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்டதாகவும், அந்தப் பாட்டி இருந்தது எந்தத் தோட்டம் என்றும் பதில் போட்டிருந்தான்.